பிரிட்டனில் அணுசக்திப் பொறியாளராக டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ லெவல் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் இந்தப் பாதையைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. கல்வி நிதி விதிகள் பிரிட்டனின் நான்கு நாடுகளிலும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதால், இங்கே சொல்லப்படுபவை இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்தில் இதே நோக்கமுள்ள திட்டம் கிராஜுவேட் அப்ரண்டிஸ்ஷிப் என்ற பெயரில் தனியாக நடக்கிறது.

டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் என்பது என்ன? பல்கலைக்கழகத்தில் சேர்வதிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

இதில் முதலில் கிடைப்பது வேலை. பட்டப்படிப்பு அந்த வேலையின் ஒரு பகுதியாக வருகிறது. ஒரு நிறுவனம் மாணவரை முழுநேர ஊழியராக நியமித்து, ஒப்பந்தம் எழுதி, முதல் மாதத்திலிருந்தே சம்பளம் தருகிறது. வேலை நேரத்திலேயே, பெரும்பாலும் வாரத்தில் ஒரு நாளோ சில வாரங்கள் தொடர்ச்சியாகவோ, அவரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மற்ற மாணவர்கள் பெறும் அதே இளநிலைப் பட்டத்தை இவரும் பெறுகிறார். கூடவே, வேலையைத் தகுதியுடன் செய்கிறாரா என்பதை மதிப்பிடும் இறுதிச் சோதனையிலும் அவர் தேற வேண்டும்.

இங்கிலாந்தில் இத்திட்டம் 2015இல் தொடங்கியது. ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் அதில் அரை சதவீதத்தைப் பயிற்சி வரியாகச் செலுத்த வேண்டும் என்ற விதி 2017 ஏப்ரலில் வந்த பிறகுதான் பெரிய நிறுவனங்கள் இதில் முழுமையாக இறங்கின. செலுத்திய வரியைப் பயிற்சிக்காக மட்டுமே திரும்ப எடுக்க முடியும் என்பதே அதற்குக் காரணம்.

அணுசக்தித் துறைக்கென்று ‘நியூக்ளியர் சயின்டிஸ்ட் அண்ட் நியூக்ளியர் இன்ஜினியர்’ என்ற பெயரில் ஆறாம் நிலைத் தகுதி ஒன்று உண்டு. ஆறாம் நிலை என்பது இளநிலைப் பட்டத்துக்குச் சமம். ஆனால் இந்தப் பெயரை மட்டும் வைத்துத் தேடுபவர்கள் பாதி வாய்ப்புகளைத் தவறவிடுவார்கள். அணு உலைத் தளங்களில் பணிபுரியும் பொறியாளர்களில் கணிசமானவர்கள் இயந்திரவியல், மின்னியல், கட்டுப்பாட்டுக் கருவியியல், வேதிப் பொறியியல் ஆகியவற்றின் வழியாக வந்தவர்கள். ஆகவே தேடும்போது நிறுவனத்தின் பெயரைக் கொண்டு தேடுவதே நல்லது.

இந்தத் துறையில் இப்போது ஆள் தேவை ஏன் அதிகமாக இருக்கிறது?

மூன்று வேலைகள் ஒரே காலத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. முதலாவது, புதிய உலைகளைக் கட்டுவது. சாமர்செட்டில் ஹிங்க்லி பாயின்ட் சி நிலையத்தில் தலா 1,600 மெகாவாட்டுக்கு மேல் திறனுள்ள இரண்டு உலைகள் எழுகின்றன; அதே வடிவமைப்பில் சஃபோக்கில் சைஸ்வெல் சி கட்டுவதற்கான இறுதி முதலீட்டு முடிவு 2025 ஜூலையில் எடுக்கப்பட்டது; 470 மெகாவாட் திறனுள்ள ரோல்ஸ் ராய்ஸ் சிறு உலைகளுக்கு வேல்ஸின் வில்ஃபா தளம் அதே ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டாவது, கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்கள். மூன்றாவது, பழைய உலைகளையும் கழிவுக் கிடங்குகளையும் பாதுகாப்பாக அகற்றுவது. இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. கம்ப்ரியாவிலுள்ள செல்லஃபீல்ட் தளத்தை அகற்றி முடிக்கும் பணி 2125 வரை செல்லும் என்று திட்டமிடப்பட்டுள்ளது. இன்று 18 வயதில் அங்கே சேருபவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் அங்கே வேலை மீதி இருக்கும்.

இடையில் ஒரு தலைமுறை இடைவெளியும் விழுந்துவிட்டது. 1995இல் சைஸ்வெல் பி இயங்கத் தொடங்கிய பிறகு நெடுங்காலம் பிரிட்டனில் புதிய அணுமின் நிலையம் எதுவும் கட்டத் தொடங்கப்படவில்லை. அந்த ஆண்டுகளில் துறைக்கு வந்த இளைஞர்கள் குறைவு. அதற்கு முன் வந்தவர்கள் இப்போது ஓய்வுபெறுகிறார்கள். 2024இல் வெளியான தேசிய அணுசக்தித் திறன் திட்டம், அப்ரண்டிஸ்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க வேண்டும் என்று சொன்னதன் பின்னணி இதுவே.

எந்த ஊர்களில் இந்த வாய்ப்புகள் உள்ளன?

அணுசக்தித் தளங்கள் பெரும்பாலும் கடலோரத்திலும் பெருநகரங்களிலிருந்து விலகியும் இருப்பதால், லண்டனின் ஹாரோ, டூட்டிங், ஈஸ்ட் ஹாம் போன்ற பகுதிகளில் வாழும் குடும்பங்கள் பிள்ளை வீட்டிலிருந்தே போய்வரும் ஏற்பாட்டை எதிர்பார்க்க முடியாது. செல்லஃபீல்ட் வடமேற்கு மூலையில், ஏரி மாவட்டத்துக்கும் கடலுக்கும் இடையே இருக்கிறது. அதற்குத் தெற்கே பேரோ இன் ஃபர்னஸில் பிஏஇ சிஸ்டம்ஸ் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டுகிறது. அக்கப்பல்களின் உலைகளை ரோல்ஸ் ராய்ஸ் டெர்பியில் வடிவமைக்கிறது. பிரெஸ்டனுக்கு அருகே ஸ்பிரிங்ஃபீல்ட்ஸில் எரிபொருள் தயாராகிறது. செஷயரின் கேப்பன்ஹர்ஸ்டில் யுரேனியம் செறிவூட்டப்படுகிறது. லண்டனுக்கு ஓரளவு அருகில் இருப்பவை அணு ஆயுதப் பணி நடக்கும் பெர்க்ஷயரின் ஆல்டர்மாஸ்டனும், அணுக்கரு இணைவு ஆய்வு நடக்கும் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் கல்ஹாமும்.

கற்பிக்கும் இடங்களில் நேஷனல் காலேஜ் ஃபார் நியூக்ளியர் குறிப்பிடத்தக்கது. அதன் வடக்கு மையம் கம்ப்ரியாவின் லேக்ஸ் காலேஜிலும், தெற்கு மையம் சாமர்செட்டில் கேனிங்டனிலும் உள்ளன. டெர்பியில் ரோல்ஸ் ராய்ஸ் 2022இல் தொடங்கிய நியூக்ளியர் ஸ்கில்ஸ் அகாடமி, பல நிலைகளிலும் சேர்த்து ஆண்டுக்கு 200 அப்ரண்டிஸ்களை எடுக்கும் நோக்கத்துடன் அமைக்கப்பட்டது.

என்னென்ன பாடங்கள், மதிப்பெண்கள் வேண்டும்?

ஏ லெவலில் கணிதம் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் கேட்பது. அதனுடன் ஓர் அறிவியல் பாடம் வேண்டும். இயற்பியலாக இருந்தால் சிறப்பு. பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யுகாஸின் புள்ளிகளில் 96 முதல் 128 வரை கேட்பது வழக்கம். மூன்று பாடங்களில் சி எடுத்தால் 96, ஒரு பி கிரேடுக்கு 40 என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் கணிதம், ஆங்கிலம், அறிவியல் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி தேவை. பொறியியலில் டி லெவல் அல்லது பிடெக் (BTEC) என்ற தொழிற்கல்வித் தகுதிகளை முடித்தவர்களையும் பலர் ஏற்கிறார்கள். பட்டறைப் பழக்கம் உள்ளவர் என்பதற்காக அவர்களை விரும்பும் நிறுவனங்களும் உண்டு.

இந்த மதிப்பெண்களைப் பார்த்து, மற்ற இடங்களில் கிடைக்காதவர்களுக்கான வழி இது என்று சில பெற்றோர் முடிவுசெய்துவிடுகிறார்கள். அது தவறான கணிப்பு. குறைந்தபட்சத் தகுதி எளிதாகத் தோன்றினாலும், ஓரிரு இடங்களுக்கு நூற்றுக்கணக்கானோர் போட்டியிடும் தேர்வு இது. நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் அதை விட்டுவிட்டு இங்கே வருபவர்கள் பலர்.

வகுப்பில் உண்மையில் எதைக் கற்பிக்கிறார்கள்?

முதல் ஆண்டு கணிதம், வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், பொருளறிவியல், மின்னியல் என்று எந்தப் பொறியியல் படிப்பைப் போலவும் தொடங்கும். பிறகு அணு உலை இயற்பியல், கதிர்வீச்சுப் பாதுகாப்பு, கதிர்வேதியியல், கழிவு மேலாண்மை, பாதுகாப்புப் பகுப்பாய்வு ஆகியவை வரும். இத்துறையை மற்றப் பொறியியலிலிருந்து பிரித்துக் காட்டும் மூன்று விஷயங்களை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்வது பயன்படும். இவற்றைப் படிக்கும்போது ஆர்வம் எழுந்தால் இந்தத் துறை உங்களுக்கு ஏற்றதாக இருக்கக்கூடும்.

ஒன்று, தாமத நியூட்ரான்கள். யுரேனியம் 235 பிளவுபடும்போது வெளிவரும் நியூட்ரான்களில் ஏறக்குறைய எல்லாமே உடனடியாக வெளிவந்துவிடுகின்றன. ஆயிரத்தில் ஆறு அல்லது ஏழு மட்டும், பிளவில் உண்டான துண்டுகள் சிதையும்போது, சில விநாடிகள் முதல் ஒரு நிமிடம் வரை தாமதித்து வருகின்றன. இந்தச் சிறு பங்கு இல்லாவிட்டால் உலையின் ஆற்றல் மனிதரோ இயந்திரமோ கைவைக்க முடியாத வேகத்தில் ஏறி இறங்கும். உலையைக் கட்டுப்படுத்த முடிகிறது என்ற பெரிய உண்மை இந்த ஆறேழு நியூட்ரான்களின் மேல் நிற்கிறது. உலை இயற்பியலின் முதல் சில வாரங்களிலேயே இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வைப்பார்கள்.

இரண்டு, எஞ்சிய வெப்பம். நிலக்கரி உலையில் நெருப்பை அணைத்தால் வெப்பம் உண்டாவது நின்றுவிடும். அணு உலையில் கட்டுப்படுத்தும் கழிகளை இறக்கித் தொடர்வினையை நிறுத்திய பிறகும், பிளவில் உண்டான பொருள்கள் சிதைந்துகொண்டே இருப்பதால், நிறுத்திய கணத்தில் முழு வெப்ப ஆற்றலில் ஆறு சதவீதத்துக்கு மேல் எஞ்சியிருக்கும். சைஸ்வெல் பி போன்ற ஓர் உலையின் வெப்பத் திறன் சுமார் 3,400 மெகாவாட் என்றால், நிறுத்திய உடனே 200 மெகாவாட்டுக்கும் மேல் வெப்பம் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சில மணி நேரத்தில் அது ஒரு சதவீத அளவுக்குக் குறையும். ஆனால் நாள்கணக்கில், மாதக்கணக்கில் குளிர்விப்பு தேவைப்படும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் உலைகள் முறைப்படி நின்றன. அதன் பிறகு வந்த ஆழிப்பேரலை டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்து, குளிர்விக்கும் பம்புகளுக்கு மின்சாரம் இல்லாமல் செய்ததால்தான் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. ஒரு பம்புக்கு மாற்றுப் பம்பு, அதற்குத் தனி மின்வழி, அதுவும் போனால் வேறொரு வழி என்று இத்துறைப் பொறியாளர்கள் ஓயாமல் கேட்பது இதனால்தான்.

மூன்று, பொருள்களின் முதுமை. பிரிட்டனின் ஏஜிஆர் வகை உலைகளில் கிராஃபைட் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் தணிப்பானாகவும் கார்பன் டை ஆக்சைடு குளிர்விப்பானாகவும் பயன்படுகின்றன. நீண்ட கால நியூட்ரான் தாக்குதலில் கிராஃபைட் கட்டைகள் சுருங்கி, உள் அழுத்தம் மாறி, பிறகு விரிசல் விடுகின்றன; சூடான வாயுவில் அவற்றின் எடையும் குறைகிறது. அவற்றை மாற்றவே முடியாது. விரிசல்கள் மிகுந்தால் எரிபொருள் வழிகளும் கட்டுப்படுத்தும் கழிகள் இறங்கும் வழிகளும் கோணலாகக்கூடும் என்பதால், உலை நிறுத்தப்படும் காலங்களில் கேமராவை உள்ளே இறக்கி ஆய்வு செய்கிறார்கள். ஓர் ஏஜிஆர் நிலையத்தின் ஆயுளை முடிவுசெய்வதில் கிராஃபைட்டின் நிலை முதன்மையானது. ஹன்டர்ஸ்டன் பி, ஹிங்க்லி பாயின்ட் பி ஆகியவை 2022இல் மூடப்பட்டதை இந்த வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள்.

தளத்தில் அப்ரண்டிஸ் என்ன வேலை செய்வார்?

பொதுவாகச் சில மாதங்களுக்கு ஒரு பிரிவு என்ற முறையில் மாறிமாறிப் பணியாற்றுவார்: வடிவமைப்பு அலுவலகம், பராமரிப்பு, கதிர்வீச்சுப் பாதுகாப்பு, கழிவுக் கையாளுதல், பாதுகாப்பு ஆவணம் எழுதும் சேஃப்டி கேஸ் குழு. முதலில் கவனித்தல், பிறகு ஒருவர் அருகில் இருக்கச் செய்தல், பிறகு தனியாகச் செய்து பிறரிடம் சரிபார்க்கக் கொடுத்தல் என்ற வரிசையில் பொறுப்பு கூடும். அணுசக்தித் தள உரிமத்தில் 36 நிபந்தனைகள் உள்ளன. பாதுகாப்பைப் பாதிக்கக்கூடிய வேலையைத் தகுதியும் அனுபவமும் உள்ளவர் மட்டுமே செய்ய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. எனவே “இதைச் செய்யத் தெரியும்” என்று சொன்னால் போதாது. அதற்கான சான்று உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும்.

கதிர்வீச்சு காரணமாகக் கட்டுப்படுத்தப்பட்ட பகுதிக்குள் நுழைவதைச் சற்று அருகில் பார்ப்போம். நுழைவாயிலில் ஒரு தாழ்வான தடுப்புப் பலகை இருக்கும். அதன்மேல் அமர்ந்து, ஒரு காலின் காலணியைக் கழற்றி, உள்ளே அணிய வேண்டிய காலணியை அணிந்து அந்தக் காலை அப்பால் வைத்த பிறகே மறுகாலைத் தூக்க வேண்டும். வெளியே வரும்போது அதே முறை தலைகீழாக நடக்கும். கடைசியில் கைகளையும் பாதங்களையும் அளக்கும் கருவியில் நின்று, சுத்தம் என்று அது காட்டிய பிறகுதான் கதவு உங்களுடையது. அவசரப்படுகிறவர்கள் தடுமாறும் இடம் இது.

பேசும் முறையும் வேறு. வால்வு ஒன்றை மூடச் சொன்னால், கேட்டவர் அந்த வால்வின் எண்ணோடு கட்டளையைத் திருப்பிச் சொல்வார். சொன்னவர் “சரி” என்று உறுதிசெய்வார். அதற்குப் பிறகே கை வால்வுக்குப் போகும். எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ என்று சொல்வது காதில் பி, டி குழம்பக் கூடாது என்பதற்காக. செயல்முறை ஏட்டில் ஒவ்வொரு படியையும் முடித்ததும் அடையாளம் இட்டுவிட்டே அடுத்த படிக்குச் செல்வார்கள். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் இப்படியே செய்வார். பல்கலைக்கழகத்திலிருந்து நேரே வரும் பட்டதாரிக்கு இந்தப் பழக்கங்கள் படிய நாளாகும். 18 வயதில் தளத்துக்கு வருபவருக்கு அவை கணிதத்தோடு சேர்ந்தே வளர்கின்றன. இந்தப் பயிற்சியின் மிகப் பெரிய மதிப்பு இதுவே என்பது என் கருத்து. கட்டணம் இல்லை என்பதை நான் இதற்கு அடுத்ததாகத்தான் வைப்பேன்.

அலுவலக வேலையில் முக்கியமானது சேஃப்டி கேஸ் எனப்படும் பாதுகாப்பு ஆவணம். ஒரு பம்பை வேறு வகைப் பம்பாக மாற்றுவதென்றாலும், அது பழுதானால் என்ன ஆகும், மாற்றுப் பம்பு அதே அறையில் இருந்தால் ஒரே தீயில் இரண்டும் போகாதா, தண்ணீர் புகுந்தால் எது முதலில் மூழ்கும் என்று கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் கணக்கோ சோதனை முடிவோ ஆதாரமாகக் காட்டி எழுத வேண்டும். தெளிவாக எழுதத் தெரியாதவர் இத்துறையில் உயர்வது கடினம்.

கதிர்வீச்சால் என் பிள்ளைக்கு ஆபத்து இல்லையா?

எந்தத் தாயும் தந்தையும் கேட்க வேண்டிய கேள்வி இது. “ஒன்றும் ஆகாது” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நேர்மையல்ல. எனவே அளவுகளோடு பார்ப்போம். மண், பாறை, ரேடான் வாயு, விண்வெளிக் கதிர்கள், மருத்துவப் பரிசோதனைகள் ஆகிய எல்லாவற்றாலும் பிரிட்டனில் வாழும் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2.7 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) பெறுகிறார். 2017ஆம் ஆண்டு அயனியாக்கும் கதிர்வீச்சு விதிமுறைகளின்படி, 18 வயது நிறைந்த ஊழியருக்கு வேலையால் வரக்கூடிய உச்சவரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், 18 வயதுக்குக் கீழ் உள்ள பயிற்சியாளருக்கு 6, பொதுமக்களுக்கு 1.

உச்சவரம்புக்குள் இருந்தால் போதும் என்று சட்டம் விட்டுவிடவில்லை. நியாயமாக இயன்ற அளவுக்குக் குறைத்தே ஆக வேண்டும் என்பது தனிக் கடமை. எனவே பெரும்பாலான ஊழியர்கள் பெறுவது உச்சவரம்பில் சிறு பகுதியே; முழுநேரமும் அலுவலகத்தில் இருப்பவருக்கு வேலையால் கிட்டத்தட்ட ஒன்றும் சேராது. கட்டுப்படுத்தப்பட்ட பகுதிக்குச் செல்பவர் தாம் பெறும் கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டர் அணிவார். அதன் அளவுகள் அவர் பெயரில் பதிவாகும். அவற்றைக் கேட்டுப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. கர்ப்பம் தரித்ததை எழுத்தில் தெரிவித்தால், கருவுக்கு மீதிக் காலம் முழுவதும் 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி வேலையை மாற்றி அமைக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்தைச் சேரும்.

இந்தக் கட்டுப்பாடுகள் சும்மா வந்தவை அல்ல. 1957 அக்டோபரில் இன்றைய செல்லஃபீல்ட் தளத்தில், அன்று விண்ட்ஸ்கேல் என்று அழைக்கப்பட்ட இடத்தில், உலை ஒன்று தீப்பற்றிக் கதிரியக்க அயோடின் காற்றில் கலந்தது. சுற்றிலும் சுமார் 500 சதுர கிலோமீட்டரில் கறந்த பால் கீழே கொட்டப்பட்டது. அதற்குப் பிறகு வந்த சட்டங்களின் வழியில்தான் இன்றைய தள உரிமமும், தனி ஒழுங்குமுறை அமைப்பான அணுசக்தி ஒழுங்குமுறை அலுவலகமும் வந்தன.

பணம் எப்படி?

மாணவர் கல்விக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அதை நிறுவனமும் அரசும் ஏற்கின்றன. 2025–26 கல்வியாண்டில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் உச்சக் கட்டணம் ஆண்டுக்கு 9,535 பவுண்டு என்பதை நினைத்தால் இது சிறு தொகை அல்ல. சம்பளத்தைப் பொறுத்தவரை, அப்ரண்டிஸுக்கான சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண்டாக இருந்தது. அணுசக்தி நிறுவனங்கள் வழக்கமாக அதைவிட நன்றாகவே தருகின்றன. 19 வயதாகி முதல் ஆண்டையும் முடித்தவருக்கு, வயதுக்குரிய பொதுக் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தும்.

கிடைக்காதவையும் உண்டு. இது வேலை என்பதால் மாணவர் கடனும் வாழ்க்கைச் செலவுக் கடனும் கிடையாது. முழுநேர மாணவருக்குள்ள கவுன்சில் வரி விலக்கு, வாரத்துக்கு 195 பவுண்டுக்கு மேல் வாங்கும் அப்ரண்டிஸுக்கு இல்லை. வெளியூரில் அறை எடுத்துத் தங்கும் செலவையும், தளத்துக்குப் போய்வர வாகனம் தேவைப்படலாம் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்.

நடுவில் விலகினால் கல்விக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்று அஞ்சுபவர்கள் உண்டு. அரசு நிதி விதிகள் பயிற்சிச் செலவை அப்ரண்டிஸிடம் வசூலிக்க அனுமதிப்பதில்லை. அதுவரை பெற்ற பல்கலைக்கழகக் கிரெடிட்களும் வீணாகாது.

வேலையும் படிப்பும் ஒன்றாக முடியுமா?

முடியும். ஆனால் கடினம். நண்பர்கள் மே மாதத்தில் தேர்வெழுதி செப்டம்பர் வரை விடுமுறையில் இருக்கும்போது, இவருக்கு மற்ற ஊழியரைப் போல ஆண்டு விடுப்பு மட்டுமே இருக்கும். கணிதத்தில் பின்தங்கினால் மாலைகளிலும் சனிக்கிழமைகளிலும்தான் ஈடுகட்ட முடியும். மாணவ வாழ்க்கையின் கொண்டாட்டங்களைப் பெரிதாக எதிர்பார்த்திருப்பவர் இதைத் தேர்ந்தெடுக்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். பெற்றோரின் வற்புறுத்தலால் வந்தவர்களுக்கு இரண்டாம் ஆண்டு மிகவும் பாரமாக இருக்கும்.

நாங்கள் இலங்கையில் பிறந்தவர்கள். பாதுகாப்புச் சோதனையில் அது தடையாகுமா?

தமிழ்க் குடும்பங்கள் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்கின்றன. வெளிநாட்டில் பிறந்ததோ, பெற்றோர் அகதிகளாக வந்ததோ, உறவினர் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருப்பதோ தானாகவே தடையாகிவிடாது. இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பயிற்சிக்கான நிதித் தகுதி. இங்கிலாந்தில் வேலை செய்யும் உரிமை வேண்டும். பொதுவாகக் கடந்த மூன்று ஆண்டுகள் பிரிட்டனில் வழக்கமாக வசித்திருக்க வேண்டும். அகதி நிலை வழங்கப்பட்டவர்களுக்கு இந்த மூன்றாண்டு விதியில் விலக்கு உண்டு.

இரண்டாவது, பாதுகாப்புச் சோதனை. சிவில் அணுசக்தித் தளங்களுக்கு வேண்டிய நிலை பதவியைப் பொறுத்து மாறும். எஸ்.சி. (செக்யூரிட்டி செக்) எனப்படும் நிலைக்குக் கடந்த ஐந்து ஆண்டுகள் பிரிட்டனில் வசித்திருப்பதை எதிர்பார்ப்பது பொது வழிகாட்டல். படிவத்தில் பெற்றோரின் பிறந்த இடம், குடியுரிமை, பணவிவரம், குற்றப் பதிவு ஆகியவை கேட்கப்படும். எதையும் மறைக்காமல் எழுதுவதே முதல் விதி. சிக்கலான உண்மையைச் சொன்னவரைவிட, சிறிய உண்மையை மறைத்தவருக்கே சோதனை கடினமாகும். பாட்டி வீட்டுக்குச் சென்ற பயணங்களின் தேதிகள், பழைய முகவரிகள், பாஸ்போர்ட் எண்கள் ஆகியவற்றை இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த பணிகள் வேறு வகை. நீர்மூழ்கி உலைகளிலும் ஆல்டர்மாஸ்டனிலும் பிரிட்டிஷ் குடியுரிமை கேட்கப்படுவது வழக்கம். இரட்டைக் குடியுரிமை சில பதவிகளைக் கட்டுப்படுத்தக்கூடும். விளம்பரத்தில் இது தெளிவாக இல்லையென்றால், விண்ணப்பிக்கும் முன் கடிதம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

ஆயுதம் தொடர்பான வேலை வேண்டாம் என்று நினைப்பவர் இத்துறைக்கு வரலாமா?

தாராளமாக வரலாம். மின் உற்பத்தி, எரிபொருள், கழிவகற்றல், ஒழுங்குமுறை, அணுக்கரு இணைவு ஆகியவை சிவில் பணிகள். போரின் நிழலில் வாழ்ந்து வந்த குடும்பங்களில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. பிள்ளையோடு இதை வெளிப்படையாகப் பேசி, நிறுவனங்களின் பட்டியலைப் பிரித்துக்கொண்டு விண்ணப்பிப்பதே முறை. சேர்ந்த பிறகு மனம் கசந்து விலகுவது பிள்ளைக்கும் நிறுவனத்துக்கும் நல்லதல்ல.

எப்போது, எப்படி விண்ணப்பிக்க வேண்டும்?

ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் தனியாக விண்ணப்பம் பெறுகிறது. அரசின் அப்ரண்டிஸ்ஷிப் தேடல் தளத்திலும் விளம்பரங்கள் வரும். ஏ லெவலின் கடைசி ஆண்டான பதின்மூன்றாம் ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே பல இடங்கள் திறக்கின்றன. போதிய விண்ணப்பங்கள் சேர்ந்ததும் சில இடங்கள் முன்னதாகவே மூடிவிடுகின்றன. யுகாஸ் வழியாக ஐந்து பல்கலைக்கழகத் தேர்வுகளையும் அனுப்பிவிட்டு, அதே நேரத்தில் எத்தனை அப்ரண்டிஸ்ஷிப்களுக்கும் விண்ணப்பிக்கலாம். ஒன்று மற்றொன்றைப் பாதிக்காது. எனவே இரண்டையும் செய்யுங்கள்.

விண்ணப்பத்துக்குப் பிறகு இணையத் திறன் சோதனை, பதிவுசெய்யப்பட்ட வீடியோ நேர்காணல், இறுதியில் குழுப் பணியும் நேர்காணலும் உள்ள மதிப்பீட்டு நாள் என்று படிகள் இருக்கும்.

நேர்காணலில் எதைப் பார்க்கிறார்கள்?

தவறு என்று பட்டதைச் சொல்லி நிறுத்தியது உண்டா, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வாரா, அறிவுறுத்தலைப் படித்து அதன்படி செய்வாரா என்று பார்க்கிறார்கள். பெரியவர் முன் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகள் இங்கே தடுமாறுவதை நான் பார்க்கிறேன். அணுசக்தித் தளத்தில் இளையவர் ஒருவர் “சற்று நிறுத்துங்கள், இது எனக்குச் சரியாகப் படவில்லை” என்று மூத்தவரிடம் சொல்வது அவருடைய கடமை. அதை வீட்டிலேயே பழக்குங்கள்.

எந்தத் தளம் என்ன செய்கிறது என்பதையும் படித்துவிட்டுச் செல்ல வேண்டும். செல்லஃபீல்ட் நேர்காணலில் மின் உற்பத்தியைப் பற்றி விரிவாகப் பேசுபவர் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். 1956 அக்டோபரில் இரண்டாம் எலிசபெத் அரசியார் திறந்துவைத்த கால்டர் ஹால் நிலையம் அங்கேதான் இருந்தது என்றாலும், அது 2003இல் மூடப்பட்டது. இன்று அங்கே நடப்பது பழைய கிடங்குகளிலிருந்து கழிவை எடுத்துப் பாதுகாப்பான வடிவுக்கு மாற்றுவது.

பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற துறையா?

ஆம். 2030க்குள் பணியாளர்களில் 40 சதவீதம் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் அணுசக்தித் துறை உடன்படிக்கை இலக்கு வைத்தது. அந்த இலக்கை எட்ட இன்னும் வெகுதூரம் போக வேண்டியிருப்பதால், சில குழுக்களில் ஒரே பெண்ணாக இருக்க நேரலாம். சேரும் முன் அங்கே பணிபுரியும் பெண்களிடம் பேச ஏற்பாடு செய்யும்படி கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இந்தப் பட்டத்துக்கு வெளியே மதிப்பு உண்டா?

பட்டச் சான்றிதழ் அதே பல்கலைக்கழகத்தின் சான்றிதழ்தான். தொழில்முறைப் பதிவுக்கு, அது இன்ஜினியரிங் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற படிப்பா என்று சேரும் முன் பார்க்க வேண்டும். அங்கீகாரம் இருந்தால் இன்கார்ப்பரேட்டட் இன்ஜினியர் தகுதிக்கு வழி நேரானது. அதற்கு மேல் நிலையான சார்ட்டர்ட் இன்ஜினியர் ஆவதற்கு முதுநிலை அளவிலான கல்வியும் கூடுதல் பொறுப்புள்ள அனுபவமும் வேண்டும். முதுநிலைக்குச் சமமான ஏழாம் நிலை அப்ரண்டிஸ்ஷிப்களுக்கு அரசு நிதி 2026 ஜனவரியிலிருந்து பெரும்பாலும் 21 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டுமே என்று குறைக்கப்பட்டிருப்பதால், முதுநிலைப் படிப்பின் செலவை நிறுவனம் ஏற்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இருக்கும் மாணவர் இதற்கு விண்ணப்பிக்கலாமா?

இயலாது. வசிப்பிட விதியும் விசா விதிகளும் இடம் தருவதில்லை. மாணவர் விசாவில் வந்தும் இதில் சேர முடியாது. இதற்காக விசா வாங்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம். இந்தியாவில் வேறு வழிகள் உள்ளன. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி 1957இலிருந்து பொறியியல் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையுடன் ஓராண்டு பயிற்சி அளிக்கிறது. கல்பாக்கத்திலும் அதன் கிளை உண்டு. இந்திய அணுமின் கழகம் கேட் (GATE) தேர்வின் மதிப்பெண் வழியாகப் பயிற்சிப் பொறியாளர்களை எடுக்கிறது. பிளஸ் டூ, ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு அக்கழகத்தின் உதவித்தொகைப் பயிற்சியாளர் பணியிடங்களே அப்ரண்டிஸ்ஷிப்புக்கு மிக நெருக்கமானவை.

இந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை என்றால்?

மூன்றாம் அல்லது நான்காம் நிலை டெக்னீஷியன் அப்ரண்டிஸ்ஷிப்பில் அதே நிறுவனத்தில் சேர்ந்து, எச்.என்.சி. என்ற நான்காம் நிலைச் சான்றிதழ்ப் படிப்பை முடித்து, பிறகு பட்டத்துக்கு மாறுபவர்கள் துறையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்; அவர்களுடைய கைத்திறனுக்குத் தளத்தில் தனி மதிப்பு உண்டு. பல்கலைக்கழகத்தில் இயந்திரவியலோ இயற்பியலோ படித்துவிட்டு நிறுவனங்களின் பட்டதாரிப் பயிற்சித் திட்டத்தில் சேருவதும் நன்கு திறந்திருக்கும் வழி. அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்க எண்ணினால், நிராகரித்த நிறுவனத்திடம் எந்தப் படியில் குறைந்தது என்று எழுத்தில் கேளுங்கள். மதிப்பீட்டு நாள் வரை சென்றவர்களுக்குப் பெரும்பாலும் பதில் தருகிறார்கள். மறுமுறை விண்ணப்பிப்பவரை அவர்கள் குறைத்து மதிப்பதில்லை.